பதினோரு தொப்பியும் ஒரு குழியும்

எங்கள் ஊரில் ரோஜா வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. அக்டோபரில் செடியைப் படுக்கவைத்து மண்ணால் மூடுகிறவர்கள் ஒரு வகை. மே மாதம் கடைக்குப் போய்ப் புதுச் செடி வாங்கி வருகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகைதான் அதிகம். ரோஜாவைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர்களும் அவர்கள்தான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாற்பத்தோரு வருஷம் சர்க்கரை ஆலையில், இங்கே சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கைக் கழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சம் யாரோ சொல்லித் தெரிந்ததில்லை.

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் இந்த வடமேற்கு மூலையில் குளிர் மைனஸ் முப்பதுக்கு இறங்கும். கடையில் விற்கிற ரோஜா எல்லாம் ஒட்டுச்செடி. காட்டு ரோஜாவின் வேரில் நல்ல ரோஜாவை ஒட்டவைத்திருப்பான். ஒட்டுப் போட்ட இடம் அடித்தண்டில் முட்டி மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். குளிர் முதலில் கொல்வது அந்த முட்டியைத்தான். முட்டி செத்தாலும் வேர் சாகாது. வசந்தத்தில் வேரிலிருந்து காட்டுச் செடி கிளம்பி வரும். அதை நல்ல ரோஜா என்று நினைத்து ஐந்து வருஷம் தண்ணீர் ஊற்றி, பூ ஏன் வரவில்லை என்று கேட்டவர்கள் இங்கே உண்டு. அதில் ஒருவர் எங்கள் சபைப் பாதிரியார்.

அதனால்தான் படுக்கவைப்பது. அக்டோபர் நடுவில், தரை இறுகும் முன்னால், தண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டவேண்டும். செடியின் உயரத்துக்கு ஒரு பக்கமாக நீளக் குழி வெட்டவேண்டும். பிறகு நாலு பல் மண்கிளறியால் வேரைச் சுற்றி மண்ணைத் தளர்த்தி, அடியில் கை கொடுத்து, செடியை வேரோடு சாய்த்துக் குழிக்குள் கிடத்தி மூடிவிடவேண்டும். கயிற்றின் நுனி மட்டும் வெளியே தெரியவேண்டும், ஏப்ரலில் தேடி எடுக்க. நவம்பரில் மேல்மண் உறைந்த பிறகு சருகு மூட்டைகளை மேலே அடுக்கவேண்டும். உறையும் முன்னால் அடுக்கினால் எலி குடிவந்துவிடும். இவ்வளவுதான் விஷயம். ஒன்றே ஒன்றைத்தான் மறக்கக்கூடாது. முட்டி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் சாய்க்கவேண்டும். மாற்றிச் சாய்த்தால் ஒட்டு ஒடிந்துவிடும்.

என் அக்கா போர்கில்ட் வீட்டில் பன்னிரண்டு ரோஜாக்கள். வைத்தவர் அவள் புருஷன் ஹார்லன். வைத்ததோடு சரி. அக்டோபர் வந்தால் அவருக்கு இடுப்பு வலி வந்துவிடும், ஏப்ரல் வந்தால் மீன் பிடிக்கப் போயாகவேண்டும். இரண்டு வேலையும் என் தலையில்தான் விழுந்தன. ஒன்பது வருஷத்துக்கு முன் ஹார்லன் செத்துப்போனார். அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது, ஹார்லனின் கைபட்டால் எதுவும் பூக்கும் என்று ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தாள். அவர் மண்வெட்டி பிடித்து நான் பார்த்ததில்லை என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனால் அக்கா பின்னால் நின்றிருந்தாள்.

"சவப்பெட்டிய மூடி ஒரு மணி நேரம் ஆகலடா. இனி என் வாசப்படிய மிதிக்காத" என்றாள்.

நானும் மிதிக்கவில்லை. அந்த அக்டோபர் வந்தது. ரோஜா என்ன பாவம் செய்தது? வாசற்படியை மிதிக்காமல் பக்கத்துச் சந்து வழியாகப் பின்தோட்டத்துக்குப் போய், யாரையும் கேட்காமல் வேலையை ஆரம்பித்தேன். ஆறு செடி முடிந்தபோது பின்கதவு திறந்தது. ஒரு தட்டு படியில் வைக்கப்பட்டது. கதவு மூடிக்கொண்டது. ஏப்ரலில் எழுப்பப் போனபோதும் அப்படியே. அடுத்த அக்டோபரில் மழை பெய்ததால் தட்டு மேசைமேல் இருந்தது, கதவு திறந்தே இருந்தது. அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. வருஷத்தில் இரண்டு நாள் அக்கா வீட்டில் சாப்பாடு. கிறிஸ்துமஸுக்கு அவள் கூப்பிடமாட்டாள், நான் போகமாட்டேன். ஊரில் பார்த்தால் தலையாட்டுவோம். எங்கள் குடும்பத்தில் சமாதானம் என்பது அவ்வளவுதான்.

போன அக்டோபரில், பதினாலாம் தேதி, மண்கிளறியும் கயிறும் எடுத்துக்கொண்டு போனேன். கிழங்கு லாரிகள் சாலையைக் கிடுகிடுக்க வைத்துக்கொண்டிருந்த நேரம். சந்து வழியாகத் தோட்டத்துக்குள் கால் வைத்தால், புல்தரையில் வெள்ளை வெளேரென்று ஒரு கோபுரம். தெர்மோகோல் தொப்பிகள். காகிதக் கோப்பையை ஒன்றுக்குள் ஒன்று சொருகி வைத்த மாதிரி பன்னிரண்டு அடுக்கி இருந்தன. ரோஜாவின் தலையில் கவிழ்க்க என்று கடைக்காரன் விற்பது. பக்கத்தில் மெர்ல் நின்றார்.

மெர்ல் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் வாராந்தரப் பத்திரிகையில் தோட்டக்கலை எழுதுகிறார். அந்த மாதம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் படம் காட்டிப் பேசியிருக்கிறார். நான் போகவில்லை. குளிர்காலத்தில் ரோஜா எப்படிச் சாகும் என்று பார்க்க எனக்குப் படம் தேவையில்லை. அவர் போட்டிருந்த கையுறையில் விலைச்சீட்டு கட்டிய நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க பெரியவரே. இந்த வருஷம் உங்க முதுகுக்கு லீவு" என்றார்.

"என் முதுகு உங்ககிட்ட லீவு கேட்டுச்சா, வாத்தியாரே?"

அக்கா ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தபடி வெளியே வந்தாள். ஆப்பிள் கிளறிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது, ஆவி வெளியே வந்துகொண்டிருந்தது. இது என்ன கூத்து என்று கேட்டேன்.

"கூத்து இல்ல. எனக்கு எம்பத்திரெண்டு வயசு. ஜன்னலத் தொறந்தா வருஷத்துல ஆறு மாசம் பன்னெண்டு மண்மேடு. இடுகாட்டப் பாத்துக்கிட்டே காபி குடிக்கிற மாதிரி இருக்கு. போதும்டா."

"தொப்பிய வெச்சா மட்டும்? பன்னெண்டு பேய் நிக்கிற மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும். பேய் நின்னுக்கிட்டுத்தான இருக்கும். படுத்துக் கெடக்காதுல்ல."

தொப்பிக்குள் காற்று சமச்சீராக இருக்கும், பழைய முறையில் வேர் அறுபடுகிறது, ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்கள் என்று மெர்ல் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். யார் நிரூபித்தது, எந்த ஊரில், அந்த ஆள் தொப்பி விற்கிறவனா என்று கேட்டேன். அவர் சிரித்தார். பதில் தெரியாத வாத்தியார்கள் எல்லோரும் அப்படித்தான் சிரிப்பார்கள்.

ரோஜா பற்றிய பேச்சு அது இல்லை என்பது எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. தொப்பி போட்டால் படுக்கவைக்க வேண்டாம். படுக்கவைக்காவிட்டால் எழுப்பவும் வேண்டாம். அக்டோபரும் போனது, ஏப்ரலும் போனது. அந்த வீட்டுக்குள் நுழைய எனக்கு வேறு காரணம் கிடையாது. காரணம் இல்லாமல் போகிற ஆள் நான் இல்லை. காரணம் இல்லாமல் கூப்பிடுகிற ஆள் அவளும் இல்லை.

நான் போய்விடவில்லை. தக்காளிச் செடிகளைப் பிடுங்கினேன். வெளிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்தேன், ஹோஸைச் சுருட்டினேன். அதையெல்லாம் மெர்ல் மறந்துபோயிருந்தார். உறைந்த தண்ணீர் சுவருக்குள் குழாயை வெடிக்கவைக்கும் என்பது படத்தில் வராது போலிருக்கிறது. அவர் ஒவ்வொரு செடியையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டினார். அப்போதுதான் தொப்பிக்குள் அடங்குமாம். வெட்டினார், கவிழ்த்தார், காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்தார். கற்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்தார். வேலை சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருப்பதெல்லாம் சரியாகவும் இருக்கும் என்று நினைக்கிற ஜாதி.

பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது சமையலறை ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. அதுதான் மூத்த செடி. அடித்தண்டு என் மணிக்கட்டு கனம். கறுஞ்சிவப்புப் பூ, ஜூனில் ஜன்னலைத் திறந்தால் வாசனை காபியையே அமுக்கிவிடும். மெர்ல் தொப்பியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அகலமும் போதவில்லை, உயரமும் போதவில்லை. ரம்பத்தை எடுத்தார்.

"அதுல ரம்பம் பட்டுச்சுன்னா அந்தத் தொப்பி உன் தலைக்குத்தான் ஆகும்" என்றேன்.

வாத்தியாருக்கு நீ, உன் என்று கேட்டுப் பழக்கமில்லை. முகம் சிவந்துபோனது. ஜன்னலுக்குள்ளிருந்து அக்கா சொன்னாள்: "அத அவன்கிட்ட விட்டுருங்க மெர்ல். அது அவன் சொல்பேச்சுத்தான் கேக்கும்."

சரி, ஒன்று கிடைத்தது. ஒரு செடிக்காகவாவது ஏப்ரலில் வரலாம். நான் கயிற்றை எடுத்துத் தண்டுகளைக் கட்டினேன்.

இனி நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேன். அந்தச் செடியின் முட்டி வேலிப் பக்கம் வளைந்தது. ஒவ்வொரு வருஷமும் அதை வேலிப் பக்கம்தான் சாய்ப்பேன். அன்று அந்த இடத்தில் மெர்லின் தள்ளுவண்டி நின்றது, பாதிக் கல்லோடு. அதைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஆள் உடனே நகர்த்தியிருப்பார், நன்றி வேறு சொல்லியிருப்பார். நானே நகர்த்தினால் அவர் ஓடிவந்து ஒரு கை பிடிப்பார். அந்த ஆளிடம் ஒரு உதவி கேட்பதைவிடப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது எனக்கு. குழியை வீட்டுப் பக்கம் வெட்டினேன்.

வேரை நன்றாகவே தளர்த்தினேன். அதில் குறை வைக்கவில்லை. கை கொடுத்துச் சாய்த்தேன். கொஞ்சம் வந்தது, நின்றது. மெர்ல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பச்சைக் கேரட்டை ஒடித்தால் வருகிற சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. அதே நேரத்தில் ஒரு கிழங்கு லாரி போனது. மெர்ல் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் செடியைக் கிடத்தி, மண்ணைத் தள்ளி, மிதித்து, கயிற்று நுனியை வெளியே எடுத்துவிட்டேன். வெளியே இருந்து பார்த்தால் அது வழக்கமான மண்மேடுதான்.

மத்தியானம் மேசையில் மூன்று தட்டு. என் நாற்காலியில் மெர்ல். அடியில் மாட்டுக்கறியும் பீன்ஸும், மேலே மொறுமொறு என்று வெந்த உருளைக்கிழங்குமாக எங்கள் ஊர் ஹாட்டிஷ். மெர்ல் அதில் உள்ள சத்தைப் பற்றிப் பேசினார். நான் தட்டைப் பார்த்துத் தின்றேன்.

"என்னடா, இன்னொரு தடவ போட்டுக்கலயா?" என்றாள் அக்கா.

வேண்டாம் என்றேன். ஒன்பது வருஷத்தில் நான் வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை. அவள் கரண்டியைத் திரும்ப வைத்தாள்.

நவம்பர் நடுவில் தரை இறுகியது. சருகு மூட்டை போடப் போனேன். அது வருகையில் சேராது, நான் கதவைத் தட்டுவதில்லை. நாலு மூட்டையை அந்த ஒரே மேட்டின் மேல் அடுக்கினேன். சமையலறை ஜன்னல் ஒரு சாண் திறந்தது. அந்தக் குளிரில் யாரும் ஜன்னலைத் திறக்கமாட்டார்கள்.

"எல்லாம் ஒழுங்காத்தான படுத்திருக்கு?" என்றாள்.

"ம்" என்றேன்.

பிறகு ஜன்னல் மூடியது. எழுபத்தெட்டு வயதில் அக்காவிடம் ஒற்றை எழுத்தில் பொய் சொன்னேன். வாத்தியாரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் திட்டும் தீர்ந்துபோனது.

குளிர்காலம் முழுக்க ஊர் எனக்கு வேடிக்கை காட்டியது. டிசம்பரில் பனி விழவில்லை, காற்றுதான் அடித்தது. கல்லை உருட்டிவிட்டுத் தொப்பிகள் கிளம்பின. மெர்லின் பேச்சைக் கேட்டுத் தொப்பி வாங்கியவர்கள் ஏழெட்டுப் பேர். அத்தனை பேர் தொப்பியும் ஒரே தெருவில் ஓடியதைப் பார்த்தேன். ஒன்று தேவாலய வாசலில் போய் உட்கார்ந்தது. இன்னொன்றைத் தபால்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக உரிமையாளரைத் தேடினார். மெர்ல் அக்கா வீட்டுத் தொப்பிகளின் பின்னால் கோட்டுப் பொத்தான் போடாமல் ஓடியதை நான் காபிக் கடையிலிருந்து பார்த்தேன். மறுநாள் ஒவ்வொன்றின் மேலும் மூன்று கல் வைத்தார். பத்திரிகையில் அதையும் எழுதினார், அதுதான் திட்டம் என்பது மாதிரி.

மார்ச்சில் வெயில் வந்தது. எங்கள் மார்ச் வெயிலை நம்புகிறவன் முட்டாள். பகலில் பல்லைக் காட்டும், ராத்திரியில் கழுத்தை நெரிக்கும். தெர்மோகோலுக்குள் பகலெல்லாம் அடுப்பு மாதிரி சூடேறும். செடி வசந்தம் வந்துவிட்டது என்று நம்பி மொட்டு விடும். ராத்திரி மைனஸ் பதினைந்து. மண்ணுக்குள் கிடக்கிற செடிக்கு இந்த ஏமாற்று எட்டாது. பன்னிரண்டும் மண்ணுக்குள் கிடந்திருந்தால் எனக்கு நல்ல தூக்கம் வந்திருக்கும். கிடந்தது ஒன்று. அதை ஒடித்தவன் நான்.

ஒரு யோசனை எனக்கு வராமல் இல்லை. எல்லாமே செத்துப்போகும் வருஷம் இது. என்னுடையதும் செத்தால் யாருக்கு என்ன தெரியும்? குளிர் கொன்றுவிட்டது என்று சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கலாம். அந்த யோசனையை ஜனவரியிலிருந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஏப்ரல் மூன்றாவது வாரம் போனேன். மெர்ல் எனக்கு முன்னால் வந்திருந்தார். அக்கா கோட்டு போட்டுக்கொண்டு பின்படியில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். மெர்ல் முதல் தொப்பியைத் தூக்கினார். கறுத்த குச்சிகள், நுனியில் பூசணம். இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் காய்ந்த புல்லால் ஒரு கூடு. சுண்டெலி ஒன்று வாத்தியாரின் காலணி மேல் ஏறி இறங்கி வேலிக்கடியில் போனது. தண்டின் தோலை அடிவரை தின்று கொழுத்திருந்தது. பதினோரு தொப்பியில் ஒன்பது செடி முழுச் சாவு. இரண்டில் அடியிலிருந்து காட்டுத் துளிர் வந்திருந்தது. அதைப் பார்த்து மெர்ல், "இதோ, உயிர் இருக்கு" என்றார்.

"இருக்கு. பாதிரியார் வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கு" என்றேன்.

அக்கா கோப்பைக்குள் சிரித்தாள். மெர்லுக்குப் புரியவில்லை. தொப்பியில் தப்பு இல்லை, இந்த மாதிரி மார்ச் இருபது வருஷத்துக்கு ஒருதடவைதான் வரும், புள்ளிவிவரம் இருக்கிறது என்றார். எனக்குத் தெரிந்து ஒவ்வொரு மார்ச்சும் அப்படித்தான். தப்புச் செய்கிறவர்களுக்கு மட்டும் எல்லா வருஷமும் இருபது வருஷத்துக்கு ஒருதடவை வருகிற வருஷமாக இருக்கும்.

நான் சருகு மூட்டைகளை எடுத்து ஓரத்தில் போட்டேன். கயிற்று நுனி தெரிந்தது. மண்கிளறியைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் மெர்ல் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, அன்பாகவே சொன்னார்:

"உங்களதும் போயிருக்கும் பெரியவரே. மனசுல வெச்சுக்காதீங்க. ரெண்டு பேரும் பழியக் குளிர் மேலயே போட்டுருவோம்."

என் சட்டைப்பையில் இருந்த அதே யோசனை, வார்த்தைக்கு வார்த்தை. இப்போது அது அந்த ஆள் வாயிலிருந்து வந்தது. இவ்வளவு மாதமாக இவரைக் கேலி செய்தேன். கடைசியில் இவருக்கும் எனக்கும் ஒரே சாக்கு. அவர் குளிரைச் சொன்னால் அதில் பாதியாவது உண்மை. நான் சொன்னால் அதுகூட இல்லை.

"குளிர் மேல போடறத நீங்க போட்டுக்குங்க. இது குளிர்ல போகல" என்றேன். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னேன். "நான் ஒடிச்சிட்டேன். அக்டோபர்லயே. தப்பான பக்கம் சாச்சேன். ஒட்டு முறிஞ்சுபோச்சு. தெரிஞ்சே மண்ணப் போட்டு மூடினேன்."

மெர்லை வைத்துக்கொண்டு சொன்னதுதான் எனக்கு வலித்தது. ஆனால் ஒடித்து மூடும்போதும் அவர் நின்றிருந்தாரே.

அக்கா காபியை ஒரு வாய் குடித்தாள். "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஜன்னல் தொறந்துதானடா இருந்துச்சு. எனக்குக் கண்ணுதான் மங்கல், காது இல்ல." கோப்பையைப் படியில் வைத்தாள். "நவம்பர்ல கேட்டேன். 'ம்'னு சொன்ன. ஆறு மாசமா நீ வந்து சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருக்கேன். அன்னிக்கு ஹார்லனப் பத்தி சொல்றதுக்கு உனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகல. உன்னப் பத்தி சொல்ல ஆறு மாசம்."

நான் குனிந்து மண்ணை எடுக்க ஆரம்பித்தேன். கடைசிப் பாதியைக் கையாலேயே எடுத்தேன். செடி கிடந்தது. முட்டி ஒரு பக்கம் பிளந்து வாயைத் திறந்திருந்தது. அந்தப் பக்கத் தண்டுகள் எல்லாம் பழுப்பு, தொட்டால் நொறுங்கின. மறுபக்கம் ஒரு விரல் அகலத் தோல் அறாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தோலின் மேல் இருந்த மூன்று தண்டும் பச்சை. நகத்தால் கீறிப் பார்த்தேன். பச்சைதான். ஒட்டுக்கு மேலிருந்து, வேரிலிருந்து இல்லை. அதை இரண்டு தடவை பார்த்தேன், என்னையே எனக்கு நம்பிக்கை இல்லாததால்.

மெர்ல் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். "இது எப்படிப் பிழைச்சுது?" என்றார்.

"மண்ணுக்குள்ள இருந்துச்சு" என்றேன்.

செத்த பாதியை வெட்டிப் போட்டு, பிளவைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, செடியை நிறுத்தி மண் அணைத்தேன். பாதி முடி கொட்டிய தலை மாதிரி நின்றது. அக்கா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். செடி விற்கிற கம்பெனிக்காரன் அனுப்பும் வண்ணப் புத்தகம். கனடாக்காரன் ஒட்டில்லாத ரோஜா கண்டுபிடித்திருக்கிறானாம். சொந்த வேரிலேயே நிற்குமாம். படுக்கவைக்க வேண்டாம், தொப்பி வேண்டாம், பனியிலேயே நிற்கும். செத்த பதினோரு இடத்துக்கும் பதினொன்று எழுதி வரவழைக்கப்போகிறாளாம்.

மெர்ல் நல்ல தேர்வு என்றார், அடுத்த வாரம் அதைப் பற்றி எழுதப்போவதாகவும் சொன்னார். எழுதட்டும். நான் படத்தைப் பார்த்தேன். வெளிறிய இளஞ்சிவப்பு. கவனிப்பே வேண்டாத ரோஜாவாம். கவனிப்பு வேண்டாத மாப்பிள்ளையைத் தேடிப்போய்க் கட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். ஐந்து வருஷம் கழித்து அவர்கள் வீட்டில் யாரும் யாருடனும் பேசுவதில்லை. ஆனால் அதைச் சொல்லவில்லை. பதினொன்றும் தாமாக நிற்கும். அப்புறம் நான் எதற்கு?

மெர்ல் தொப்பிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அடுத்த வருஷம் காற்றுத்துளை போட்டு முயற்சி செய்யப்போகிறாராம். போகும்போது என்னிடம் கை நீட்டினார். பிடித்தேன். கையுறையில் அந்த நூல் இன்னும் இருந்தது.

நான் மண்கிளறியைக் கழுவினேன். வேண்டுமென்றே மெதுவாகக் கழுவினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா படியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"ஒத்தச் செடிதான் மிச்சம்" என்றாள். "அதப் படுக்க வெக்க எவ்வளவு நேரம்டா ஆகும்?"

"அவசரப்பட்டா பத்து நிமிஷம். அவசரப்பட்டா என்ன ஆகும்னுதான் பாத்தியே."

"அவசரப்படலேன்னா?"

"அதுக்கு இப்ப பாதி ஒட்டுதான் இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா மண்ணத் தளத்தணும். நாள் பூரா ஆகும்."

"அப்ப அக்டோபர்ல காலைலயே வா. சாப்பாடு மத்தியானம்தான், முன்னாடி கெடைக்காது."

"வேலிப் பக்கம் ஒண்ணும் நிக்கக் கூடாது" என்றேன்.

"தள்ளுவண்டிய நகத்துன்னு ஒரு வார்த்த. அதுக்குத்தான் உனக்கு வாய் வரல" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனாள். மேசையில் இரண்டு தட்டு இருந்தது. நான் காலணியைக் கழற்றினேன். என் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.